எனாமல் தொட்டியின் இன்னொரு காது

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இத்தனை வருஷமாகியும் மறக்கவில்லை பார் என்று என் வீட்டிலேயே சிரிப்பார்கள். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவும் வேலை அவளுக்கு. புருஷன் கப்பலில் சமையல்காரன். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ஒரு கேமராவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கப்பலேறிவிட்டான். பெண்டாட்டிக்கு நைலக்ஸ் புடவை வாங்கி வந்தவனைப் பார்த்திருக்கிறேன், சென்ட் பாட்டில் வாங்கி வந்தவனைப் பார்த்திருக்கிறேன். கேமரா வாங்கி வந்தவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அங்கேதான்.

அழகி என்று சொல்ல முடியாது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். மாநிறம், முன்பல் கொஞ்சம் தூக்கல், படம் கழுவுகிற மருந்து பட்டுப் பட்டு விரல் நகமெல்லாம் பழுப்பு. ஆனால் அவளிடம் ஒரு வித்தை இருந்தது. யாரிடமும் எந்த வேலையும் சொல்ல மாட்டாள். ஆனாலும் அவள் வேலையை யாராவது ஒருத்தர் செய்துகொண்டே இருப்பார்கள். செய்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் தேருக்கு வடம் பிடித்த மாதிரி ஒரு பெருமை வேறு.

வண்ணாரப்பேட்டையில் பழைய பாட்டில் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். ஊறுகாய் போட ஒரு ஜாடி வேண்டும் என்று நான் போய் நின்றேன். "இல்லம்மா, எல்லாம் மொத்தமாப் போவுது" என்று முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வாரம் இவள் போயிருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லையாம், ஒவ்வொரு ஜாடியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம், அவ்வளவுதான். மறுநாள் பாய் மூடி போட்ட ஜாடிகளை வெந்நீரில் கழுவி, தள்ளுவண்டியில் வைத்து, காம்பவுண்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிறார்.

"இன்னா பாய், நான் கேட்டப்ப இல்லன்னீங்க?" என்றேன்.

"உனுக்கு ஊறுகாய்க்கும்மா. அந்தம்மாவுது படிப்பு சமாச்சாரம்" என்றார் பாய், மண்டையை ஆட்டிக்கொண்டு. என் ஊறுகாய்க்கு அன்றைக்குப் பிடித்த பூஞ்சை இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எத்தனையோ பேர். அவர்களைப் பற்றியெல்லாம் எனக்குக் கவலையில்லை. என் கவலை வேறே. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு எனாமல் தொட்டி அவள் வாசலுக்கு வரும். இரண்டு பக்கமும் காது வைத்த தொட்டி. அதில் படம் கழுவி மிச்சமான மருந்துத் தண்ணீர். அவள் ஒரு காதைப் பிடிப்பாள், இன்னொரு காதை என் புருஷன் பிடிப்பார். இரண்டு பேருமாகத் தெருக்கோடியில் இருந்த கார்ப்பரேஷன் கக்கூஸுக்குப் போவார்கள்.

சிரிக்காதீர்கள். கடற்கரைக்குப் போனால் சண்டை போடலாம். சினிமாவுக்குப் போனால் அண்ணன் தம்பிகளைக் கூட்டிவந்து பஞ்சாயத்து வைக்கலாம். கக்கூஸுக்குப் போகிறவர்களை என்ன சொல்லி நிறுத்துவது? நான் எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் காம்பவுண்டில் எனக்கென்று இருந்தவர் இவர் ஒருத்தர்தான். அவரும் தொட்டிக் காதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் நான் யாரிடம் போவேன்?

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர் இவர். வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தானாக மொண்டு குடித்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு நிற்பார்.

"இன்னாத்துக்குய்யா அந்த அக்கா தண்ணிய நீ தூக்கற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கனமா கீது மே. ஒண்டியா தூக்கினா வழியில கொட்டிப்பூடும். கால்வாயில வுழுந்தா இன்ஸ்பெக்டரு நோட்டீஸ் குடுப்பாரு."

"நம்ம வூட்டு அண்டாவும்தான் கனமா கீது."

"அது பச்சத்தண்ணி மே" என்றார். பச்சைத் தண்ணீர் மேல் அவருக்கு இருந்த அலட்சியத்தைப் பார்த்தால் ஓட்டுக்கேட்டு வந்து தோற்றவனைச் சொல்வது மாதிரி இருந்தது.

அந்த இன்ஸ்பெக்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவள் தன் போர்ஷன் குளியலறையின் ஜன்னலுக்குக் காக்கிக் காகிதம் ஒட்டி, சிவப்பு பல்பு மாட்டி, சனிக்கிழமை மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படம் கழுவுவாள். கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். "புருசன் இல்லாத வூட்ல செவப்பு லைட்டு இன்னாத்துக்குடி? உன் புருசன் மேல ஒரு கண்ணு வெச்சுக்க" என்று என் மாமியார் ஓதிக்கொண்டே இருப்பாள். ஆரம்பத்தில் அந்த மருந்துத் தண்ணீரையெல்லாம் அவள் காம்பவுண்டுக் கால்வாயில்தான் விட்டுக்கொண்டிருந்தாள். கால்வாய் எல்லா வீட்டு வாசலையும் தொட்டு, கிணற்றை ஒட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கமாக ஓடி வெளியே போகும். எதிர்ப் போர்ஷன் தையல்காரர் மகளுக்குச் சர்ச்சில் முதல் தடவை அப்பம் வாங்குகிற புதுநன்மை வந்தது. அதற்குத் தைத்த வெள்ளைக் கவுனை அலசிக் கல்மேல் வைத்திருந்தார்கள். எப்படியோ மருந்துத் தண்ணீர் தெறித்துவிட்டது. ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயக் காயத் தேநீர் கொட்டின மாதிரி பழுப்புத் திட்டாகப் பரவியது. தையல்காரர் நேராகப் போய்க் கார்ப்பரேஷனில் சொல்லிவிட்டார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். நான் கதவிடுக்கில் நின்றுகொண்டேன். இன்றைக்கு வசமாக மாட்டினாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னாம்மா இது? இது மழத்தண்ணி போற கால்வா. நேரா கடலுக்குப் போவுது. இதுல மருந்துத் தண்ணி வுடக் கூடாது. கெணத்தாண்ட மண்ணுலயும் ஊத்தக் கூடாது. பாதாள டிரைனேஜு கீற எடமாப் பாத்து, பத்து மடங்கு பச்சத்தண்ணி கலந்துதான் ஊத்தணும். இல்லன்னா நோட்டீஸு, அப்பால ஃபைனு" என்று அவர் கத்தினார்.

அவள் மறுத்துப் பேசவில்லை. அழவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "கடலுக்கா சார் போவுது? எனக்கு இம்மா நாளா யாருமே சொல்லலியே" என்றாள். இன்ஸ்பெக்டர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். எந்தத் தெருவில் டிரைனேஜ் இருக்கிறது, எந்தத் தெருவில் இல்லை, எது எங்கே போய்ச் சேருகிறது என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். டீ குடித்தார். கடைசியில் கக்கூஸ் காவல்காரனைக் கூப்பிட்டு, "இந்தம்மா ஞாயித்துக்கெழம வருவாங்க, உள்ளாற கொழாய தொறந்து வுடு" என்று சிபாரிசும் பண்ணிவிட்டுப் போனார். தையல்காரர் மகளை அவள் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் கவுன் பாழான பேச்சே இல்லை. சாயங்காலமானால் அங்கிருந்து கிண்ணத்தில் மீன்குழம்பு போய்க்கொண்டிருந்தது.

கக்கூஸில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. அதனால் இவர் வாசலோடு சரி. அவள் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முடிக்கிறவரைக்கும் இவர் வெளியே நிற்பார். என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் நின்ற இடத்தில் நிற்காமல் பீடி வாங்கப் போகிற மனுஷன், அங்கே அந்த நாற்றத்தில் அசையாமல் நிற்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் வாசல் கொடியில் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மீன் ஏலம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காசிமேட்டுக் கிழவர் ஒருவர், யார் யாரோ. என் கண்ணில் பட்டது ஒன்றுதான். அதில் இவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய, கண் சுருங்க. கல்யாணத்தன்றுகூட இவர் இப்படிச் சிரிக்கவில்லை. அந்தப் பல்வரிசை முழுவதையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எப்பக்கா எடுத்தது இது?"

"போன வாரம்டி. கக்கூஸ் வாசல்ல நின்னுகினு இருந்தாரு. இன்னா சோக்கா சிரிக்கிறாரு பாத்தியா!"

பார்த்தேன் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். வேண்டுமென்று மறந்தேனா என்று இவர் கேட்டார். உப்பு ஜாடியை இவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

மறு ஞாயிறு ஹார்பரில் ஏதோ சரக்குக் கப்பல் வந்து நின்றுவிட்டது என்று இவரைக் காலையிலேயே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் பூசைக்குப் போயிருந்தாள். அவள் வாசலில் பாய் கொடுத்த ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் தேநீர் நிறத்துத் தண்ணீர், ஒன்றில் புளித்த காடி வாசனையோடு வெள்ளைத் தண்ணீர். பக்கத்தில் பச்சையாக ஒரு சின்ன பாட்டில். கல்யாணப் படங்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுகிற மருந்து அது. இந்தத் தண்ணீரைத் தூக்க ஆம்பிளை எதற்கு, நான் ஒருத்தி போதாதா என்று எனக்கு ஒரு வேகம். எல்லாவற்றையும் தொட்டியில் கவிழ்த்தேன். நெட்டுக்குப்பத்தில் மீன்கூடை சுமந்த தலை இது. சும்மாடு வைத்துத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, காதைப் பிடிக்க ஒரு நாயும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

அந்தப் பச்சைப் பாட்டிலை மற்றதோடு சேர்க்கக் கூடாது, தனியாக, கடைசியாக, நிறையத் தண்ணீர் விட்டு ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். அவரிடம்தானே அவள் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பாதித் தெரு போவதற்குள் தலைக்கு மேலிருந்து அழுகின முட்டை நாற்றம் இறங்கியது. தெருவில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க் கக்கூஸுக்குள் கவிழ்த்தேன். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் புடவையைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களும் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். "கக்கூஸ்ல இன்னாடா செத்துக் கீது?" என்று காவல்காரன் அலறினான். ராயபுரத்துக் கார்ப்பரேஷன் கக்கூஸே நாறுகிறது என்று ஜனங்கள் ஓடினது அந்த ஒரு நாள்தான். என் கால் கொலுசு, மெட்டி எல்லாம் கறுத்துப்போயிருந்தன.

காவல்காரன் போய்ச் சொல்லி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். காம்பவுண்டே வாசலில் கூடி நிற்கிறது. நான் தலை சுற்றிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள் தலையில் முக்காட்டோடு பூசையிலிருந்து வந்தாள். காலி ஜாடிகளைப் பார்த்தாள். என் கொலுசைப் பார்த்தாள். அப்புறம் இன்ஸ்பெக்டரிடம், "நான்தான் சார் கலந்து வெச்சுட்டேன். இதுக்குத் தெரியாது. ஒத்தாசைக்குத் தூக்கினு போச்சு" என்றாள்.

"நீயே இப்டி செஞ்சா எப்டிம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். கோபம்கூட இல்லை அவர் குரலில், மனசு விட்டுப்போன மாதிரி கேட்டார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

எல்லோரும் போன பிறகு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், முகம் கழுவிவிட்டு, எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். முன்பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர. "அடிப்பாவி! கலீஜ்லயே குந்திகினு இருந்தவங்கள மூக்கப் புடிச்சிகினு ஓட வுட்டியே. இது எவளால முடியும்?" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "இத்தத் தலயில வெச்சினு போயும் ஒரு சொட்டு மேல சிந்தலியே" என்றாள்.

 வா என்று கூப்பிடவில்லை. ஆனால் மறு ஞாயிறு அவள் பூசை முடிந்து வரும்போது நான் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இவர் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தார். தொட்டிக்கு இரண்டு காதுதான். இரண்டிலும் கை இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

புருஷனைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து வாரத்தில் புருஷன் ஞாபகமே வரவில்லை. என்ன சொக்குப்பொடி போட்டாள் என்று கேட்டால், ஒன்றுமில்லை, கேள்வி கேட்டாள். நெட்டுக்குப்பத்தில் எந்த மாசம் எந்த மீன் வரும், உங்கள் நைனா வலையை எப்படி மடிப்பார், எண்ணூரில் கரண்டு எடுக்கப் புகைக்கூண்டு கட்டுகிறார்களாமே, உங்கள் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பாள். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழம்பு ஆயிற்றா என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கழுவின படத்தில் இரண்டை நீட்டி, "உன் கண்ணுக்கு எது நல்லா கீது?" என்பாள். நான் சொன்னதைத்தான் வைத்துக்கொள்வாள், இன்னொன்றைக் கிழித்துப்போடுவாள்.

ஒருநாள் கக்கூஸ் வாசலில் தொட்டியை இறக்கும்போது சொன்னாள்: "உன் கை மாதிரி ஆடாத கை இந்தக் காம்பவுண்டுலயே யாருக்கும் இல்லடி."

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட. அடுப்படியில் தனியாக இருக்கும்போது கையை நீட்டி வைத்துப் பார்த்துக்கொள்வேன். ஆடாது. எனக்கே பெருமையாக இருக்கும்.

நான் உண்டானேன். உடனே இவருக்கு என்மேல் கரிசனம் பொங்கிவிட்டது. "வயித்துப் புள்ளக்காரி, நீ ஏன் மே கஸ்டப்படற? நான் தூக்கறேனே" என்றார். "ஒண்ணும் வாணாம்" என்றேன். "மருந்துத் தண்ணி மே, ஆவாது" என்றார். "அத்தினி மாசமா நீ தூக்கின, உனுக்கு இன்னா ஆச்சு?" என்றேன். ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். போகிறதுக்கு முன்னால் இவரை என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணவைத்தேன், நான் திரும்பி வருகிறவரைக்கும் தொட்டியைத் தொடுவதில்லை என்று. அதிலும் நம்பிக்கையில்லாமல் மாமியாரிடம், "அத்தே, ஞாயித்துக்கெழம மட்டும் நீங்க கண்ணு வெச்சுக்கங்க. இவரு அந்தக் காதப் புடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனேன். "நான் பாத்துக்கறேன் போடி" என்றாள் மாமியார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

பையன் பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் வாசலில் நின்று பையனை வாங்கிக்கொண்டார். நான் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினதும் தெருக்கோடியைத்தான் பார்த்தேன். காலித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு வந்தது என் மாமியார். சிவப்பு லைட்டு நல்லதுக்கில்லை என்று ஓதின அதே மாமியார். இருக்கிற பல்லெல்லாம் தெரிய அவளிடம் என்னவோ கதை சொல்லிக்கொண்டு வருகிறாள். அவளும் நடையை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இவர் அந்தப் பெண்ணோடு போகிற நாளில் எனக்கு வயிறு எரிந்ததென்று சொன்னேனே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் எரிந்தது.

அவள் என் கன்னத்தைத் தட்டி, பையனைக் கொஞ்சிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேரனைக்கூட வாங்காமல், முதல் பேச்சாக எங்களிடம் சொன்னாள்:

"என் கை மாதிரி ஆடாத கை இந்தக் காம்பவுண்டுலயே யாருக்கும் இல்லியாம். அந்தப் பொண்ணே சொல்லுது!"

சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு உள்ளே போய்விட்டாள்.  இவர் பக்கம் திரும்பினால், இவர் முகம் என்னைவிட மோசமாகத் தொங்கிப்போயிருந்தது.

"உன்னாண்டயும் சொல்லிச்சா?" என்று இவர்தான் முதலில் கேட்டார்.

"சொல்லிச்சு. உன்னாண்ட?"

"மொத நாளே."

இதற்குத்தானா இந்த மனுஷன் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு நின்றார்? இதற்குத்தானா அப்படிச் சிரித்தார்? ஒரு வருஷமாக இவர் மேல் வைத்திருந்த கோபம் அந்த வாசலிலேயே போய்விட்டது. பாவமாக இருந்தது, இவரைப் பார்க்கவும் என்னை நினைக்கவும். அவள் சொன்னது பொய்யா, இல்லை, ஒவ்வொருத்தரிடம் சொல்லும்போதும் அவளுக்கு அது நிஜமாகத்தான் பட்டதா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் தலையைச் சாய்த்து என்னைப் பார்ப்பாள், நான் மறுபடியும் போய்த் தொட்டியைத் தூக்குவேன்.

அடுத்த ஞாயிறு நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இவரும் பக்கத்தில் வந்து நின்றார். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அவளும் மாமியாரும் நிறைந்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்த இவர், என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"அம்மா கை ஆடுது, பாத்தியா?"

"நல்லாவே ஆடுது" என்றேன்.